காலையில் அடர்தீவனம் தின்ற மாடு மேயாமல் படலருகே நிற்கிறது: அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா?

மேட்டுமேய்ச்சல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கலப்பு மந்தை. கறவையில் சில கலப்பின மாடுகள், சில நாட்டு மாடுகள். அவற்றோடு வற்றிய மாடுகளும் வளர்ந்த கிடேரிகளும் உண்டு. வேலி போட்ட நிலம், பெரும்பாலும் கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும். மழை நின்று நாளாகிவிட்டது. புல் இடுப்பு உயரம் நிற்கிறது, ஆனால் பூத்து விதை உதிர்ந்து தண்டு தண்டாகப் பழுப்பேறிவிட்டது.

பால் குறைய ஆரம்பித்ததும் மக்காச்சோள மாவும் தவிடும் கலந்து, மாட்டுக்கு காலையில் 2 கிலோ, மாலையில் 2 கிலோ என்று வைக்கத் தொடங்கினேன். எல்லா மாடுகளுக்கும் ஒரே அளவுதான். காலையில் பால் கறந்து, தீவனம் வைத்து, அது முடிந்த பிறகு அவிழ்த்துவிடுகிறேன். பால் முதலில் கொஞ்சம் ஏறியது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

என்னை உறுத்துவது மாடுகளின் போக்குதான். முன்பெல்லாம் அவிழ்த்துவிட்டவுடன் தலை குனிந்து மேய்ந்துகொண்டே தூரத்து மூலை வரை போகும். இப்போது கொஞ்சம் சுற்றிவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்கிறது. வெயில் சாயத் தொடங்கினால் ஒவ்வொன்றாகப் படலருகே வந்து நின்று வீட்டைப் பார்க்கிறது. படலைச் சுற்றி மண் தெரிகிறது, தூரத்து மூலையில் புல் தொடாமல் நிற்கிறது. தீவனம் வைப்பதே மாட்டின் மேய்ச்சல் பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறதா? அளவைக் குறைக்கட்டுமா, நிறுத்திவிடட்டுமா? யூரியா கலந்த கருப்பஞ்சாற்றுப் பாகுக் கட்டி நல்லது என்கிறார்கள், அதற்கு மாறலாமா?

---

பட்டிக்காவல் எழுதியது:

தம்பி, அளவைத் தொடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். நான் பல வருடமாக மேய்ச்சலை நம்பித்தான் மாடு வைத்திருக்கிறேன். தொட்டியில் என்ன போட்டோம் என்பதைக் காட்டிலும் எந்த நேரத்தில் போட்டோம் என்பது மந்தையின் நாளையே திருப்பிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாட்டுக்கு ஒரு நாளில் இரண்டு பெரிய சாப்பாடு உண்டு. ஒன்று விடியலை ஒட்டி, இன்னொன்று பொழுது சாயத் தொடங்கியதிலிருந்து இருட்டும் வரை. நடுவில் சின்னச் சின்னதாக மேயும், படுக்கும், அசைபோடும். மொத்தத்தில் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் மேயும், 12 மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. அசைபோட 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். வெயில் கடுமையான ஊர்களில் நடுப்பகல் மேய்ச்சல் சுருங்கி, அந்தக் கணக்கில் ஒரு பங்கு இரவுக்குப் போகும். இரவில் பட்டியில் அடைத்துவிட்டால் அந்தப் பங்கும் கிடைக்காது.

இப்போது உங்கள் மாட்டின் நாளை வைத்துப் பாருங்கள். விடிகிற நேரத்தில் அது கட்டுத்தறியில் நிற்கிறது. கறவை முடிந்து 2 கிலோ மாவும் தவிடும் தின்கிறது. அவிழ்க்கும்போது வயிற்றுப் பசியும் அடங்கியிருக்கிறது, வெயிலும் ஏறிவிட்டது. மரத்தடிக்குப் போகாமல் வேறெங்கே போகும்? சாயங்காலம் அடுத்த பெரிய சாப்பாடு தொடங்க வேண்டிய நேரத்தில், தொட்டி வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். மண்ணில் கிடக்கும் காய்ந்த தண்டா, தொட்டியில் வரும் மாவா என்றால் மாடு யோசிப்பதே இல்லை. இப்படி இரண்டு பெரிய மேய்ச்சலும் அதற்குக் கைநழுவிப் போகிறது. நீங்கள் கொடுப்பது 4 கிலோ. அதற்காக மாடு விட்டுக்கொடுக்கும் புல் எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் பார்த்தாக வேண்டும்.

நான் செய்வது இது. கறக்கும்போது கறவை மாட்டுக்கு மட்டும், அது நின்று பால் விடுகிற அளவுக்குக் கொஞ்சம். வற்றிய மாட்டையும் கிடேரியையும் கறவை முடியும் வரை கட்டி வைப்பதே இல்லை. வெளுக்கத் தொடங்கும்போதே அவை வெளியே போய்விடும். மிச்சத் தீவனத்தை நடுப்பகலில், மந்தை எப்படியும் படுத்திருக்கும் நேரத்தில், நிழலில் வைத்திருக்கும் தொட்டியில் போடுவேன். மேய்ச்சலைப் பிடுங்காத நேரம் அது ஒன்றுதான். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்து, அசைபோட்டு, வெயில் தணிந்ததும் எழுந்து மேயப் போகும். மாலையில் மாட்டைப் பட்டிக்குத் திருப்புவதையும் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். வேலி பத்திரமாக இருந்தால், வெயில் காலத்தில் இரவு மேய்ச்சலைப் போல மாட்டுக்கு உதவுவது வேறொன்றும் இல்லை.

தொட்டி படலருகே இருந்தால் அதைத் தூக்கித் தூரத்து மூலைக்குக் கொண்டுபோங்கள். தாது உப்புக் கட்டியையும் அங்கேயே, தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். மாடு தண்ணீருக்கும் உப்புக்கும் நடுவே நடக்கும், நடக்கிற வழியில் மேயும். படலைச் சுற்றியிருக்கும் மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: நேரம் மாறவே கூடாது. ஒரு நாள் பதினோரு மணி, மறுநாள் மூன்று மணி என்று வைத்தால் மந்தை நாள் முழுக்கக் காத்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் தலை தூக்கும், வாளிச் சத்தம் கேட்டால் ஓடிவரும். நேரம் நிலையாக இருந்தால் அந்த நேரத்துக்குச் சற்று முன்புதான் தொட்டிப் பக்கம் திரும்பும், மற்ற நேரம் அதன் வேலையைப் பார்க்கும்.

புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்ப நாட்டுப் புல் உயரமாக நிற்பதைப் பார்த்துத் தீனி நிறைய இருக்கிறது என்று நினைக்கிறோம். மாடு தேடுவது இலையை. கினியாப் புல் முற்றிவிட்டால் இலை ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவே எல்லாம் தண்டு. நாக்கைச் சுழற்றி ஒரு கட்டாகப் பிடுங்க முடியாமல், பொறுக்கிப் பொறுக்கி ஒவ்வொரு இலையாக எடுக்கிறது. கடி சின்னதாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்டாப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1970களின் தொடக்கத்தில் இதை ஜெர்சி மாடுகளில் அளந்து பார்த்தார். ஒரு மாடு நாளுக்கு 36,000 கடிக்கு மேல் கடிப்பது அபூர்வம் என்றும், ஈரத்தையும் சாம்பலாக மிஞ்சும் தாதுக்களையும் கழித்த எடையில் ஒரு கடிக்கு 0.3 கிராமுக்குக் கீழே போனால் எவ்வளவு நேரம் மேய்ந்தாலும் ஈடுகட்ட முடியாது என்றும் கண்டார். நிமிடத்துக்கு 60 கடி என்று வைத்தால் 36,000 கடிக்கு 10 மணி நேரம் ஆகும். உங்கள் நிலத்தில் கடியும் சிறியது, நீங்கள் கொடுக்கும் நேரமும் குறைவு. மாடு எப்படி ஈடுகட்டும் சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. மாலை நாலு மணிக்கு ஒரு மேட்டில் நின்று எத்தனை மாடு தலை குனிந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டிக்குத் திரும்பும்போது இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளம் நிறைந்திருக்கிறதா, உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாணத்தையும் பாருங்கள். அடுக்கடுக்காக, கெட்டியாக, காய்ந்த வளையம்போல விழுந்தால் புல்லில் புரதம் போதவில்லை. மெத்தென்று மடிப்போடு விழுந்தால் போதுகிறது. மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு இந்தக் கடைசிக் கோளாறைச் சரிசெய்ய முடியாது. தீவனக் கணக்கு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

---

தீவனக்கணக்கு எழுதியது:

பட்டிக்காவல் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நேரத்தைப் பற்றி அவர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நேரத்தை மட்டும் மாற்றி அதே மாவைக் கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

பழுப்பேறிய வெப்ப நாட்டுப் புல்லில் கச்சாப் புரதம் 3 முதல் 5 சதவீதத்தில் நிற்கும். மாட்டின் அசையூண் வயிற்றில் (தின்ற புல் முதலில் போய்த் தங்கி ஊறும் பெரிய வயிறு) நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை பெருகாது, நார் உடையாது, உடையாத நார் வயிற்றை விட்டு நகராது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு தின்னாது, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். வழக்கமாக உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் உலர்தீனி தின்னும் மாடு, இந்த நிலையில் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உங்கள் மாடு மரத்தடியில் படுத்திருப்பதற்குச் சோம்பலோ வெயிலோ மட்டும் காரணம் அல்ல.

இங்கே மக்காச்சோளம் என்ன செய்கிறது? அதில் புரதம் சுமார் 9 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி, புரதத்திலிருந்து கிடைக்கும் கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் பிடித்துக்கொள்கின்றன. வயிற்றில் அமிலம் கூடுகிறது. அமில காரக் குறியீடு (pH) 6.2க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர்தான் அமிலத்தைத் தணிக்கிறது. நன்கு மேய்ந்து அசைபோடும் பெரிய மாட்டுக்கு நாளுக்கு 100 லிட்டர் அளவுக்கு ஊறும். மேய்ச்சல் குறைந்தால் அசைபோடுவதும் குறையும், உமிழ்நீரும் குறையும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

அதற்காகத் தானியமே ஆகாது என்று சொல்லவில்லை. உடல் எடையில் 0.3 சதவீதத்துக்குள், அதாவது 400 கிலோ மாட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை, மாவுச்சத்து நார்ச் செரிமானத்தைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. நீங்கள் கொடுப்பது 4 கிலோ, அதே மாட்டுக்கு 1 சதவீதம். அந்த அளவில் மேய்ச்சல் நேரம் குறைவதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

மக்காச்சோளத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புண்ணாக்கை வையுங்கள். கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் 20 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். வற்றிய மாட்டுக்கும் கிடேரிக்கும் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நல்ல புண்ணாக்கு போதும், மாவே வேண்டியதில்லை. காய்ந்த புல்லின் மேல் புரதம் விழும்போது மாடு கூடுதலாகப் புல் தின்னும். நுண்ணுயிர் பெருகுகிறது, நார் உடைகிறது, வயிறு சீக்கிரம் காலியாகிறது, மாடு மறுபடியும் மேயப் போகிறது. நீங்கள் வைக்கும் தீவனம் புல்லை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கிறது.

பசுமையான இளம்புல் இருக்கும்போது கதை வேறு. அதிலேயே புரதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அப்போது எந்த அடர்தீவனம் வைத்தாலும் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ அளவுக்குப் புல்லை மாடு விட்டுவிடும், சில சமயம் அதற்கு மேலும். புல் நன்றாக இருக்க இருக்க இந்த விட்டுக்கொடுத்தல் கூடும்.

புண்ணாக்கு வேண்டாம் என்றால் மரத்தழை இருக்கிறது. அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், வேலிமசால் எதுவானாலும் சரி. கிளைரிசிடியாவைப் பச்சையாகப் போட்டால் பழகாத மாடு முகர்ந்துவிட்டு நகரும், ஒரு பொழுது வாடவிட்டுப் போட்டால் தின்னும். சூபாபுல்லில் மிமோசின் என்ற நச்சு இருப்பதால் மொத்தத் தீனியில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் முடி உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஹவாயில் சூபாபுல் தின்ற ஆடுகளுக்கு இந்தத் தொந்தரவு வராததைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ், நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் அவற்றின் அசையூண் வயிற்றில் இருப்பதைக் காட்டினார். 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே ஒட்டி சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. மேய்கிற விலங்கைப் பொறுமையாகப் பார்த்த ஒருவரால்தான் அது நடந்தது.

---

கறவைக்கொட்டில் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் கேட்டவரிடம் கறவை மாடும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நல்ல பால் தரும் கலப்பின மாட்டுக்கு, அது எவ்வளவு மேய்ந்தாலும், முற்றிய புல்லிலிருந்து பாலுக்கு வேண்டிய சக்தி கிடைக்காது. அதற்கு மாவுச்சத்தும் வேண்டும். அளவைச் சட்டென்று வெட்டினால் மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், அப்புறம் சினை பிடிக்காது. எனவே கறவை மாட்டுக்குக் கொடுக்கும் 4 கிலோவை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைப் புண்ணாக்காக மாற்றுங்கள். வேளைக்கு 2 கிலோ என்று இரண்டு வேளை கொடுப்பதை மூன்று வேளையாகப் பிரித்தால் வயிற்றில் அமிலமும் அவ்வளவாக ஏறாது.

இன்னொன்று. மாடு புல்லை விட்டுவிடுவது எப்போதுமே கெட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புல் குறைவாக இருக்கும் வருடங்களில் அதைத்தான் நான் வேண்டுமென்றே செய்கிறேன். வெட்டிய சோளத்தட்டை, ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்), அடர்தீவனம் என்று கொடுத்து மாட்டை நிலத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தால், அடித்தூர் தப்பிக்கும், மழை வந்ததும் தழைக்கும். தரையோடு கரம்பிய நிலம் அடுத்த வருடமும் தேறாது. கேட்டவர் சொன்னதைப் பார்த்தால் அவரிடம் புல் நிற்கிறது, அதனால் மேய வைப்பதுதான் சரி. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் நிலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் தொட்டி. எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கட்டிப் போட்டுக் கொடுத்தால் அது நடக்கும். நடுப்பகலில் திறந்த நிழலில் பொதுத் தொட்டியில் கொட்டினால் நடக்காது. மந்தையில் மூத்த மாடு, கொம்பு பெரிய மாடு முதலில் வந்து தன் பங்கும் அடுத்ததன் பங்கும் தின்றுவிடும். கிடேரிகள் தள்ளியே நிற்கும், கடைசியில் தொட்டியை நக்கிவிட்டுப் போகும். அவை மேய்ச்சலையும் விட்டுவிட்டு வந்திருக்கும், தொட்டியிலும் ஒன்றும் கிடைத்திருக்காது. இரண்டும் இல்லாத நிலை அது. மாட்டுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் தொட்டி நீளம் இருக்கட்டும். நீளமான ஒரே தொட்டியைவிட, சற்றுத் தள்ளித் தள்ளி வைத்த பல சின்னத் தொட்டிகள் நல்லது. முடிந்தால் கிடேரிகளைத் தனியே பிரித்துவிடுங்கள்.

புதிய தீவனம் என்றால் சில மாடுகள் தொடவே தொடாது. ஏற்கெனவே அதைத் தின்று பழகிய ஒரு மாடு மந்தையில் இருந்தால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். மாட்டை மட்டும் பார்த்து இதைச் சொல்லவில்லை, கன்றுகளும் தாய் தின்பதைப் பார்த்துத்தான் தொட்டிக்கு வருகின்றன.

---

மேட்டுமேய்ச்சல் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்று மாலை பட்டிக்காவல் ஐயா சொன்னபடி மேட்டில் நின்று பார்த்தேன். நாலு மணிக்குத் தலை குனிந்திருந்தவை நாட்டு மாடுகள் மட்டும்தான், அவையும் தூரத்து மூலைக்குப் போகவில்லை. கலப்பினம் எல்லாம் படலருகே. வற்றிய மாடுகளின் சாணம் நீங்கள் சொன்ன அதே அடுக்கு வடிவம், காலால் தட்டினால் உடைகிறது. கறவை மாட்டுச் சாணம் வேறு மாதிரி, இளகி, அங்கங்கே உடையாத மக்காச்சோளத் துணுக்கும் தெரிந்தது.

வற்றிய மாட்டையும் கிடேரியையும் நாளை முதல் வெளுக்கும்போதே அனுப்பிவிடுகிறேன். தொட்டிகளைப் பிரித்து வைப்பதும் முடியும். ஆனால் நடுப்பகலில் தினமும் தூரத்து மூலைக்குத் தீவனம் சுமந்து போக எனக்கு ஆள் இல்லை. கறவை மாடுகளை நடுப்பகலில் கொட்டிலுக்கு ஓட்டிவந்து கொடுத்துவிடலாம், அவற்றுக்கு நிழலும் ஆகும். வற்றியவற்றுக்கும் கிடேரிகளுக்கும் என்ன வழி? பாகுக் கட்டியை அங்கே வைத்துவிட்டு வந்தால் அவையாகவே நக்கிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். எங்கள் நிலத்தில் திடீர் மழையும் உண்டு. அதனால் ஏதாவது ஆபத்து வருமா?

---

பட்டிக்காவல் எழுதியது:

தம்பி, உடையாத மக்காச்சோளத் துணுக்கு தெரிகிறது என்றால் மாவு கரடுமுரடாக அரைபடுகிறது, அல்லது வயிறு அதைத் தாங்காமல் தள்ளிவிடுகிறது. ஒரே வேளை அளவைப் பிரித்துக் கொடுங்கள், மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து நாளில் மெதுவாக மாவைக் குறைத்துப் புண்ணாக்கை ஏற்றுங்கள்.

வற்றிய மாட்டுக்கும் கிடேரிக்கும் தினமும் சுமக்க வேண்டியதே இல்லை. ஒரு வாரத்துக்கு வேண்டிய புண்ணாக்கை மூன்றாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போலக் கொடுத்தாலும் போதும். புரதத்திலிருந்து வரும் நைட்ரஜனை மாடு வீணாக்குவதில்லை, இரத்தம் வழியாகவும் உமிழ்நீர் வழியாகவும் மறுபடி வயிற்றுக்கே திருப்பிக்கொள்ளும். கொடுக்காத நாட்களில் மந்தை தொட்டியை நினைக்காமல் முழு நாளும் மேய்கிறது. இதை நான் வேலை மிச்சம் என்று நினைத்துத் தொடங்கினேன், இப்போது மேய்ச்சலுக்காகவே செய்கிறேன். ஆனால் இது புண்ணாக்குக்கு மட்டும் பொருந்தும். மக்காச்சோள மாவையோ யூரியாவையோ இரண்டு நாள் அளவாகச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கறவை மாட்டுக்கும் தினமும்தான் கொடுக்க வேண்டும்.

கட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பொருள்தான். காய்ந்த புல் நிறைய நிற்கும் உங்களைப் போன்ற நிலத்துக்குத்தான் அது. மாடு நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நக்குவதால் மேய்ச்சல் கலைவதில்லை, வயிற்றுக்கும் நைட்ரஜன் சீராகப் போகிறது. வழக்கமாக யூரியா 10 சதவீதம் அளவுக்குச் சேர்ப்பார்கள். பெரிய மாடு நாளுக்கு அரைக் கிலோவைச் சுற்றி நக்கும். கட்டி கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் வாங்காதீர்கள், மாடு நக்காமல் கடித்துத் தின்றுவிடும்.

மழையைப் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி, அதைக் கேட்காதவர்கள்தான் மாட்டை இழக்கிறார்கள். யூரியா தண்ணீரில் உடனே கரையும். கட்டி வைத்த தொட்டியில் மழைநீர் தேங்கினால் அந்தத் தண்ணீர் முழுக்க யூரியா. தாகத்தோடு வரும் மாடு ஒரே மூச்சில் குடித்துவிடும். வயிற்றில் அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பி, நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்பல், தள்ளாட்டம் என்று போய், சில மணி நேரத்தில் மாடு செத்துவிடும். அதனால் கூரைக்குக் கீழே, அடியில் துளை போட்ட தொட்டியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கூரை போட முடியாவிட்டால் உங்கள் நிலத்தில் கட்டி வைக்க வேண்டாம், புண்ணாக்கே போதும். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்.

மற்ற எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டினி கிடந்த மாட்டை முதல் நாளே கட்டிக்கு அருகில் விடாதீர்கள், முதலில் வயிறு நிறைய மேயட்டும். பழக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், தொடக்கத்தில் நாளுக்குச் சிறிது நேரம் மட்டும் நக்கவிட்டு எடுத்துவிடுங்கள். பழகிய மாட்டுக்கும் 100 கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 30 கிராம் யூரியாவைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடவே கூடாது. குதிரையும் பன்றியும் அதே நிலத்தில் இருந்தால் எட்டாமல் வையுங்கள். வேகவைக்காத சோயாவை இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் ஒரு நொதி யூரியாவைச் சட்டென்று உடைத்துவிடும். ஒருவேளை மாடு நடுங்கத் தொடங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் செய்யும் முதலுதவி, நிறையக் குளிர்ந்த தண்ணீரோடு வினிகர் கலந்து புகட்டுவது. மாட்டால் விழுங்க முடியாவிட்டால் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வினிகரை வீட்டில் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியை வைக்கும் இடம், புல் தொடாமல் நிற்கும் தூரத்து மூலை. அங்கே மேய்ந்து முடித்ததும் அடுத்த மூலைக்கு மாற்றுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஒன்று நடக்கும், இப்போதே சொல்லி வைக்கிறேன். பழைய தண்டுக்கு அடியில் விரல் உயரத்துக்குப் பச்சை கிளம்பியதும் மாடு காய்ந்த புல்லைத் திரும்பிப் பார்க்காது. அந்தத் துளிரைத் தேடி நாளெல்லாம் நடக்கும், கடிக்கு ஒன்றும் கிடைக்காது, சாணம் மட்டும் தண்ணீராகப் போகும். அந்தக் கொஞ்ச நாட்களில் புண்ணாக்கை நிறுத்திவிட்டு, தவிடோ உலர்ந்த தட்டையோ காலையில் கொடுத்தே அனுப்புங்கள். அப்போது மாடு கேட்பது சக்தியும் நாரும்தான். துளிர் ஒரு சாண் ஏறும் வரை நிலத்தின் பாதியையாவது அடைத்துவைக்க முடிந்தால் அடைத்துவையுங்கள்.